ஆறாத அழற்சியும் இரைப்பைப் புற்றும்

கொலம்பியாவின் தென்மேற்கு மூலையில் நரீன்யோ என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் ஆண்டீஸ் மலையில் துக்கெரெஸ் என்ற ஊர். பசிபிக் கரையில் துமாக்கோ என்ற துறைமுகம். இரண்டுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர் தூரம். இரண்டு இடத்திலும் பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரின் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. ஆனால் ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் இரைப்பைப் புற்று காண்பவர்கள் மலையில் சுமார் 150 பேர், கடற்கரையில் சுமார் 6 பேர். கிருமி ஒன்றாக இருக்க, நோய் 25 மடங்கு வேறுபடுவது ஏன்? கிருமி இல்லாமல் பெரும்பாலான இரைப்பைப் புற்றுகள் தோன்றுவதில்லை. ஆயினும் புற்றை உருவாக்குவது அக்கிருமி மூட்டிவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆறாமல் கிடக்கும் அழற்சியே என்பது என் வாதம். இது சரியானால், சிகிச்சையின் காலத்தைத் தீர்மானிக்க வேண்டியதும் அந்த அழற்சிதான்.

இந்த மலைமக்களின் இரைப்பைத் திசுக்களை ஆராய்ந்துதான் பெலாயோ கொரேயா என்ற நோய்க்கூற்றியல் அறிஞர் 1975இல் தம் கருத்தை முன்வைத்தார். மேலோட்டமான அழற்சி, சுரப்பிகள் தேய்ந்துபோதல், இரைப்பைத் திசு குடல்திசுவாக மாறுதல், செல்களின் ஒழுங்கு குலைதல், கடைசியில் புற்று என்று படிப்படியாக நோய் இறங்கிவருவதை அவர் கண்டார். முதல் படியைத் தொடங்கிவைப்பது எது என்பது அப்போது தெரியாது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். அவரோடு சேர்ந்த பாரி மார்ஷல் அவற்றை வளர்க்க முயன்றபோது, தட்டுகளை இரண்டே நாளில் வீசிவிடுவது ஆய்வக வழக்கமாக இருந்தது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் அப்படியே விடப்பட்ட தட்டுகளில்தான் கிருமி வளர்ந்தது. மார்ஷல் 1984இல் அதைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். கொரேயாவின் முதல் படிக்கு இப்படி விடை கிடைத்தது. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இக்கிருமியை மனிதருக்குப் புற்று விளைவிக்கும் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது.

அழற்சி எப்படிப் புற்றாகிறது என்பதை நுண்ணோக்கியின் கீழ் வைத்த ஒரு சிறு திசுத்துண்டே காட்டிவிடும். கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்குள் பதுங்கி வாழ்கிறது. அதை விரட்ட வரும் வெள்ளணுக்கள் சுரப்பிகளின் கழுத்துப் பகுதியில் திரண்டு, வீரியமிக்க ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களைக் கொட்டுகின்றன. அம்பு பாய்வது கிருமியின் மேல் மட்டுமல்ல. அருகிலுள்ள செல்களின் டிஎன்ஏவும் உடைபடுகிறது. சில வாரங்களில் தீரும் சண்டையானால் உடல் அதைச் சரிசெய்துவிடும். இங்கோ குழந்தைப் பருவத்தில் தொற்றிய கிருமி தானாகப் போவது அரிது. செல் அழிவதும் அவசரமாகப் பிளந்து பெருகுவதும் முப்பது, நாற்பது ஆண்டுகள் தொடர்கின்றன; ஒவ்வொரு பிளவிலும் ஒரு பிழை நிலைத்துவிட வாய்ப்புண்டு. அமிலம் சுரக்கும் செல்கள் தேய்ந்ததும், குடலில் இருக்க வேண்டிய கோப்பை வடிவச் செல்கள் இரைப்பையில் தலைகாட்டுகின்றன. அமிலம் குறைந்த இரைப்பையில் வேறு பாக்டீரியாக்களும் குடியேறி, உணவிலுள்ள நைட்ரேட்டைப் புற்று விளைவிக்கும் சேர்மங்களாக மாற்ற உதவுகின்றன. கிருமிக்கு நேரடிப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை ஊசிபோல் செல்லுக்குள் செலுத்தி, அதன் வளர்ச்சிக் கட்டளைகளையே குலைக்கின்றன. அவ்வகைகளே கடுமையான அழற்சியையும் மூட்டுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

ஜப்பானில் உவெமுரா குழுவினர் 1,526 பேரைச் சராசரி 7.8 ஆண்டுகள் கண்காணித்து 2001இல் முடிவை வெளியிட்டனர். கிருமியுள்ள 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. கிருமியில்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இதைவிட முக்கியமான செய்தி அதே ஆய்வுக்குள் இருக்கிறது. கிருமியோடு முன்சிறுகுடல் புண்ணும் இருந்த 275 பேரில் எவருக்குமே புற்று வரவில்லை. அவர்களுடைய அழற்சி பெரும்பாலும் இரைப்பையின் கீழ்முனையோடு நிற்பது; அமிலம் சுரக்கும் மேற்பகுதி சிதையாமல் இருப்பது. கிருமி எங்கே இருக்கிறது என்பதைவிட அழற்சி எங்கே பரவி எதை அழித்தது என்பதே விதியை எழுதுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஐயப்படுவோரின் கேள்விகள் நியாயமானவையே. 1926க்கான நோபல் பரிசு, ஒரு புழுவே எலிகளின் இரைப்பையில் புற்றை உண்டாக்குகிறது என்று சொன்ன யோஹானெஸ் ஃபீபிகருக்குத் தரப்பட்டது. அந்த முடிவு தவறென்று பின்னர் தெரியவந்தது. ஆகவே தொற்றைப் புற்றோடு முடிச்சுப்போட மருத்துவ உலகம் தயங்கியதில் வியப்பில்லை. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இருந்துவந்த கிருமி நூறில் ஒரு சிலருக்குத்தானே புற்றைத் தருகிறது என்பது முதல் மறுப்பு. காரணம் என்பது தவறாமல் விளைவைத் தருவது என்று பொருள்படாது. புகைப்பவர் எல்லாருக்கும் நுரையீரல் புற்று வருவதில்லை. இந்தியாவில் தொற்று மிகுதி, புற்று குறைவு என்பது இரண்டாவது மறுப்பு. நாட்டுச் சராசரிக்கு அப்பால் பார்த்தால் மிசோரம் இந்நோயில் முன்னணியில் நிற்கிறது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களிடையே இது முக்கியமான ஒன்று. துமாக்கோவுக்கு வரும் விளக்கங்கள் இன்னும் ஆழமானவை. அங்குள்ள மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழியினர். அவர்களும் அவர்களுடைய கிருமியும் நெடுங்காலம் ஒன்றாய்ப் பழகியவை. மலையிலோ அமெரிக்கத் தொல்குடி வழியினரிடம் வெளியிலிருந்து வந்த கிருமி. கரையோரக் குழந்தைகளிடம் மிகுதியாக உள்ள குடற்புழுக்கள் அழற்சியின் போக்கை மென்மையாக்கியிருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். உப்பு மிகுந்த உணவும் புகைப்பழக்கமும் இவற்றோடு சேரும். இவையெல்லாம் அழற்சியைக் கூட்டியோ குறைத்தோதான் வேலை செய்கின்றன என்பதால், மறுப்பாக வந்தது சான்றாகவே நிற்கிறது.

மிகக் கடினமான மறுப்பு சீனாவிலிருந்து வந்தது. ஃபூஜியன் மாநிலத்தின் சாங்லேயில் 1,630 பேரைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஏழரை ஆண்டுகளில் புற்று வந்தவர்கள் 7 பேரும் 11 பேரும். உறுதியான வேறுபாடு இல்லை. அப்படியானால் கிருமியை ஒழித்து என்ன பயன்? விடை உட்பிரிவில் இருந்தது. தொடக்கத்தில் சுரப்பித் தேய்வோ குடல்வகை மாற்றமோ இல்லாதவர்களில், சிகிச்சை பெற்ற தரப்பில் ஒருவருக்கும் புற்று வரவில்லை. பெறாத தரப்பில் 6 பேருக்கு வந்தது. 2020இல் வெளியான தென்கொரிய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. இரைப்பைப் புற்றுள்ளவரின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோரில் கிருமியுள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்தபோது, சுமார் 9 ஆண்டுகளில் புற்று கண்டவர்கள் 1.2 விழுக்காடு, தராதவர்களில் 2.7 விழுக்காடு. ஊர் முழுவதற்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகும் என்ற எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். நம் நாட்டில் அந்த எதிர்ப்பு ஏற்கெனவே மிகுதி. ஆகவே யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம் முதலில், அதுவும் அழற்சி சுரப்பிகளை அழிக்குமுன் செல்வதே தக்க வழி. தாய், தந்தை, உடன்பிறந்தோர் எவருக்கேனும் இரைப்பைப் புற்று வந்திருந்தால், வயிற்றுத் தொல்லை வரும்வரை காத்திராமல் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். கிருமி இருந்தால் மருந்தை நடுவில் நிறுத்தாமல் முடித்து, குறைந்தது நான்கு வாரம் கழித்து அது முற்றும் போய்விட்டதா என்று மறுபடி பரிசோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.