சைலன்ஸரைக் கழற்றினால் வண்டி ஏன் இழுப்பதில்லை? 38 ஆண்டுகள் தாமதமான ஒரு பதில்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1987-ஆம் ஆண்டு. அறந்தாங்கிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒலி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். சனி, ஞாயிறுகளில் மெக்கானிக் கடையில் எடுபிடி வேலை பார்ப்பவன். "சார், டிவிஎஸ் ஃபிஃப்டியில சைலன்ஸரைக் கழட்டிட்டா சத்தம்தானே கூடணும்? வண்டி ஏன் சார் இழுக்க மாட்டேங்குது?" என்றான்.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "புகை போற குழாய்க்கும் வண்டி இழுக்கறதுக்கும் என்னடா சம்பந்தம்? பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பையும் விட்டுவிட்டான்.

போன மாதம் என் தங்கையின் பேரன் சென்னையிலிருந்து போன் செய்தான். பொறியியல் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானம் ஒன்று கட்டுகிறார்களாம். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டேகால் மீட்டர். "50 சிசி பெட்ரோல் எஞ்சின் தாத்தா. நீங்க வச்சிருந்தீங்களே டிவிஎஸ் ஃபிஃப்டி, அதே அளவு. இதுக்கு எந்தப் புகைக்குழாய் போடறதுன்னுதான் சண்டையே" என்றான். அவனுக்காகப் படிக்க உட்கார்ந்தேன். 1987-இல் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது.

முதலில் கொஞ்சம் வரலாறு. மோட்டார் வாகனம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே சத்தத் தொல்லையும் பிறந்துவிட்டது. 1897-இல் அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார்கள். அன்று அதன் வேலை சத்தத்தை அடக்குவது மட்டும். மாதிரி விமானங்களுக்கு 1930-களின் தொடக்கத்தில் சின்னப் பெட்ரோல் எஞ்சின் வந்தது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் என்ற இளைஞர் செய்த 10 சிசி எஞ்சின் அதில் புகழ்பெற்றது. அவற்றில் சைலன்ஸர் என்ற பேச்சே இல்லை. பறக்கவிடும் மைதானங்களைச் சுற்றி வீடுகள் பெருகி, ஜனங்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் அதுவும் வந்தது. பிற்பாடு, மரம் அறுக்கும் கைமெஷினின் எஞ்சினையே மாற்றியமைத்துப் பெரிய மாதிரி விமானங்களில் பொருத்தத் தொடங்கினார்கள். பேரன் வாங்கியிருக்கும் எஞ்சினும் அந்த வம்சம்தான்.

குழாயால் எஞ்சினுக்குப் பலமும் கூட்ட முடியும் என்று உலகுக்கு ஓங்கிச் சொன்னவர் வால்டர் காடன். அன்றைய கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோபாவ் என்ற ஊரின் எம்இசட் மோட்டார் சைக்கிள் ஆலையில் பொறியாளர். கையில் பெரிய பணவசதி இல்லை. ஆனாலும் 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 200 குதிரைத்திறன்! அந்த ரகசியத்தில் பெரும்பங்கு, நடுவில் வயிறு பருத்து இரு பக்கமும் குறுகும் புகைக்குழாயில் இருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் வாசலும் புதிய பெட்ரோல் காற்று உள்ளே வரும் வாசலும் சிறிது நேரம் ஒன்றாகவே திறந்திருக்கும். புதிதாக வந்ததில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். நம்மூர் டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இறங்குகிறவர்களோடு, ஏறியவனும் படிக்கட்டுக்குத் தள்ளப்பட்டுத் தொங்குவான். கண்டக்டர் அவனை உள்ளே தள்ளி விசில் கொடுப்பார். காடனின் குழாய் அந்தக் கண்டக்டர். புகை வெளியே பாயும்போது ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்திலிருந்து திரும்பி வரும் அலை மிச்சப் புகையை உறிஞ்சி இழுக்கிறது. குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, தப்பி ஓடிய புதுக் காற்றை மறுபடி உள்ளே தள்ளுகிறது. உடனே வாசல் மூடிக்கொள்கிறது.

டிவிஎஸ் ஃபிஃப்டியின் சைலன்ஸர் பந்தயக் குழாய் அல்ல. ஆனாலும் அந்த எஞ்சினுக்கென்று அளவு பார்த்துச் செய்தது. அதைக் கழற்றினால் தடுத்து நிறுத்த ஆளில்லை. பெட்ரோல் காற்று பாதி வழியிலேயே போய்விடும். சத்தம் கூடும், இழுவை குறையும். பையன் கண்ணால் கண்டது முழு உண்மை.

இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. 1961-இல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பவில்லை. அவர் மனைவி மக்களைக் காரின் டிக்கியில் ஒளித்து எல்லை தாண்டவைத்தார்கள். காடனிடம் கற்ற வித்தையோடு டெக்னர் ஜப்பானுக்குச் சென்று சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் 50 சிசி பிரிவில் அந்த நிறுவனத்துக்கு முதல் உலகப் பட்டம் வாங்கித் தந்தார். அதே சுசுகி பிறகு டிவிஎஸ்ஸோடு கைகோத்து, 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வண்டியைக் கொண்டுவந்தது. புதுக்கோட்டை கீழ ராஜவீதியில் அது ஓடியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இனி பேரனின் சண்டைக்கு வருவோம். பெரிய மாதிரி விமானத்துக்கு மூன்று வகைக் குழாய் உண்டு. முதலாவது, எஞ்சினை ஒட்டியே முன்மூடிக்குள் அடங்கும் பெட்டி சைலன்ஸர். எடையும் விலையும் குறைவு, சத்தம் அதிகம். இரண்டாவது, விமானத்தின் வயிற்றில் படுக்கவைக்கும் கேனிஸ்டர் என்ற உருளை. சத்தத்தை நன்றாக அடக்கும். மூன்றாவது, காடன் வழிவந்த டியூன்டு பைப். பலம் தரும், ஆனால் நீளம் கேட்கும்.

எவ்வளவு நீளம்? வகுப்புக் கணக்காகவே போடுவோம். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. புகை வாசல் திறந்திருப்பது அதில் பாதிக்கும் குறைவு. 4 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். அப்படியானால் 2 மீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் குழாய் ஏறத்தாழ ஒரு மீட்டர். வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்குக் குட்டைக் குழாய், மெதுவாகச் சுற்றுவதற்கு நீளக் குழாய். நாதஸ்வரத்தில் திமிரி குட்டை, பாரி நெட்டை என்பதுபோல. கடையில் அழகாக இருக்கிறதே என்று அளவு பொருந்தாத குழாயை வாங்கினால், அலை தவறான நேரத்தில் திரும்பி, இருக்கிற பலத்தையும் கெடுக்கும். முதல் விமானம் என்பதால் கேனிஸ்டர் போதும் என்றேன்.

பொருத்துவதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தகுதி உள்ளவரைத் தேடிப் போன ஞாயிறு அறந்தாங்கிக்கு பஸ் ஏறினேன். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. சொந்தப் பட்டறை, இரண்டு உதவியாளர்கள். "தம்பி, நீ அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் கொண்டுவந்திருக்கேன். அன்னைக்கு எனக்குத் தெரியல. தெரியாததை மறைக்கத்தான் உன்னை அதட்டினேன், மன்னிச்சுக்கப்பா" என்றேன்.

அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "இழுக்காதுன்னு கைக்குத் தெரியும் சார். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். பிறகு பேரனுக்குப் போன் போடச் சொன்னார். "தம்பி, குழாய் சூடானா நீளும். முன்னாடி இறுக்கு, பின்னாடி ரப்பர்ல உட்காரவை. ரெண்டு பக்கமும் இறுக்கினா எங்கயாவது விரிஞ்சிடும்" என்று தொடங்கினார். எஞ்சின் அதிர்வைத் தாங்க நடுவில் டெஃப்லான் இணைப்பு வேண்டும் என்று பேரன் படித்திருந்தான். "அதுக்குள்ள ரெண்டு குழாய் முனையும் கிட்டக்கிட்ட இருக்கணும். இடைவெளி பெருசா விட்டா அனல் நேரா அதுல பட்டுக் கருக்கிடும்" என்றார் இவர். காற்று நுழையும் வழியைவிட வெளியேறும் வழி இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுக்குள் சூடு தங்கி மரமும் மேலே ஒட்டிய தாளும் பாழாகும் என்பதிலும் இருவரும் ஒத்துப்போனார்கள். குழாயை வைத்த பிறகே எடைச் சமநிலை பார்த்து பேட்டரிக்கு இடம் குறிக்கப் போவதாகப் பேரன் சொன்னான். அரைமணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் மாணவன்போல உட்கார்ந்திருந்தேன்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியாதுப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் பார்த்துச் சொல்லுங்கள். என்னைப்போல 38 வருஷம் ஆக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்