வன்னிப் பாறைகளில் ஏறியவர்கள்

வன்னிப் பெருநிலத்தில் மலை என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் காட்டுக்கு மேலே தலை நீட்டும் மொட்டைப் பாறைகள்தாம். கிளிநொச்சியின் வடபகுதியும் முல்லைத்தீவின் கரையோரமும் தட்டை நிலம். அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை. நெடுங்கேணி, ஓமந்தை, வவுனியா என்று தெற்கே வரவர நிலத்தின் அடிக்கல் மாறுகிறது. சுண்ணக்கல் பின்தங்கி, பல கோடி ஆண்டுப் பழமையான உருமாறிய பாறை மேலே வருகிறது. இலங்கையின் பழம்பாறைத் தொகுதிகளுள் ஒன்றுக்கு நிலவியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் மேலோடு தகடு தகடாக உரிந்து, யானை முதுகுபோல் வழுவழுப்பாகக் கிடக்கும். பிடித்து ஏற வெடிப்போ விளிம்போ அதிகம் இருக்காது. காய்ந்திருந்தால் வெறுங்கால் நன்றாகப் பிடிக்கும். மாரி பிறந்து ஈரமும் பாசியும் படிந்துவிட்டால் அதே சரிவில் நிற்கவும் முடியாது.

இந்தப் பாறைகளில் மனிதர் ஏறிய வரலாறு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. ஆனால் ஏறுவதற்காகவே ஏறியவர்கள் அதில் அண்மைக்காலம்வரை இல்லை. தவம், தேன், தெய்வம், தொல்பொருள் என்று ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு காரியம் இருந்தது.

முதலில் ஏறியவர்களாகத் தடயம் விட்டுச் சென்றவர்கள் பௌத்த துறவிகளும் அவர்களுக்கு இடம் கொடுத்த செல்வர்களும். வவுனியா மாவட்டத்தில் பெரிய புளியங்குளம், எருபொத்தானை, மகாகச்சக்கொடி முதலிய இடங்களில் பாறைக் குகைகளின் நெற்றியில் பிராமி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை இவை. குகை வாயிலின் மேல்விளிம்பில் நீளவாட்டில் ஒரு வெட்டு ஓடும். பாறை முதுகில் வழிந்து வரும் மழைநீர் உள்ளே போகாமல் அந்த வெட்டில் சொட்டி வெளியே விழும். எழுத்து அதற்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும். நனையாமல் இத்தனை காலம் நின்றதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். அண்ணாந்து பார்த்தால்தான் எழுத்து தெரியும் இடங்களில், கல்வெட்டிய தச்சன் எதன்மேல் நின்று வெட்டினான் என்று கேட்கத் தோன்றும். மரச்சாரம் கட்டியிருப்பான், அது உளுத்துப்போய்விட்டது.

பெரிய புளியங்குளத்துக் கல்வெட்டுகளில் குடும்பங்கள் வருகின்றன. உதி என்னும் அரசனின் மனைவியும் நாக அரசனின் மகளுமான அனுராதியின் பெயர் ஒன்றில் உண்டு. இன்னொன்று விசாகன் என்ற தமிழ் வணிகனின் குகையைக் குறிக்கிறது. அவனைத் 'தமேட' வணிகன், இல்லத்தலைவன் என்கிறது பிராகிருத வாசகம். சேனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் பாகத்தில் இவை படியெடுக்கப்பட்டுள்ளன. வடக்கின் காட்டுப் பாறையொன்றில் ஒரு தமிழ் வணிகன் இடம் கொடுத்தான் என்பது, பாறைகள் எவருடையவை என்று இன்று நடக்கும் சண்டைக்கு நடுவே நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால் சமணத் துறவிகளும் இதையே செய்தார்கள். புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் குகைக்குச் செல்லும் வழி குன்றின் சரிவில் வெட்டிய ஏழு கால்குழிகள். உள்ளே கற்படுக்கைகளும் பிராமி எழுத்தும் உள்ளன. கால்குழியின் பெயரையே குகைக்கு வைத்த ஊரார், அங்கே எது கடினம் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

அநுராதபுரம், பொலன்னறுவை அரசுகள் தளர்ந்த பிறகு, பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டி, குளங்கள் பல உடைந்து காடு திரும்பி வந்தது. வன்னியர் என்ற சிற்றரசர் காலம் தொடங்கியது. 1679இல் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பி, அருவியாற்றங்கரை வழியே அரிப்புக்குப் போன ரொபேர்ட் நொக்ஸ், இந்தப் பக்கத்துக் காட்டின் அடர்த்தியைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். துறவிகள் விட்டுப்போன குகைகளில் கரடி குடியேறியது. பாறைக்கு வந்தவர்கள் இப்போது வேட்டைக்காரரும் தேன் எடுப்போரும்.

தேன் விடயம் சற்று விரித்துச் சொல்லத் தக்கது. தென்னாசியாவில் பாறையேறும் கலை வளர்ந்த இடம் அதுதான். பொந்துத் தேனீ மரத்திலும் கல்லிடுக்கிலும் கூடு வைக்கும். அதை எடுக்கப் புகையும் கோடரியும் போதும். பெருந்தேனீ அப்படியல்ல. உயர்ந்த மரக்கொம்பிலோ செங்குத்துப் பாறையின் வயிற்றிலோ ஒற்றை அடையாகத் தொங்கும். கூட்டமாகக் கொட்டினால் ஆள் பிழைப்பது அரிது. கீழிருந்து அதை எட்ட முடியாது, மேலிருந்து இறங்க வேண்டும். இலங்கைப் பழங்குடிகளான வேடரைப் பற்றி 1911இல் வெளியான தங்கள் நூலில் மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் இதை விவரிக்கிறார்கள். காட்டுக்கொடியால் ஏணி பின்னி, உச்சியிலுள்ள மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். தேன் எடுப்பவன் புகையும் பச்சிலைக் கட்டோடு இறங்குவான். அடையை வெட்டவும் குத்தித் தூக்கவும் நீண்ட மரக்கோல், சேர்க்க மான்தோல் பாத்திரம். இறங்குமுன் முன்னோர் ஆவிகளைப் பாட்டால் வேண்டிக்கொள்வார்கள். ஏணியில் தொங்கும்போது அவன் உயிர் முடிச்சிலும், மேலே நிற்பவனின் கவனத்திலும்தான் இருக்கிறது.

மேலே நிற்பவன் யார் என்பதற்கு நீலகிரிக் குறும்பரிடம் தெளிவான விடை உண்டு. கயிற்றைக் காப்பவன் மனைவியின் உடன்பிறந்தான். தங்கை தாலியறுக்க அவன் சம்மதிக்க மாட்டான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இக்காலப் பாறையேற்றத்தில் கயிறு பிடிப்பவரைத் தேர்ந்தெடுக்க எத்தனையோ பயிற்சியும் சான்றிதழும் வந்துவிட்டன. குறும்பர் கண்ட ஏற்பாட்டைவிட உறுதியான ஒன்று வந்ததாகத் தெரியவில்லை. இந்தத் தொழிலின் பழமைக்கு மலைபடுகடாமே சான்று: மலையில் தேன் எடுக்கச் சார்த்தும் கண்ணேணியை அது மால்பு என்கிறது.

வன்னியில் நீலகிரி போன்ற நெட்டைப் பாறைச்சுவர்கள் இல்லை. ஆகவே தேன் பெரும்பாலும் மரத்திலிருந்தே வந்தது. ஆனாலும் காட்டுக்குள் போகும் முறை ஒன்றுதான். காடு புகும் இடத்தில் குழை முறித்து மரத்தில் கட்டி, பிள்ளையாரையோ ஐயனாரையோ கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது ஆண், பெண், பிள்ளைகள் என்று சேர்ந்தே போவது வழக்கம். கரடிக்கும் அந்தப் பழம் உயிர். அதனால் குகையுள்ள பாறைப் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பாறைக்கு வேறொரு வகை ஆள் வந்தார். இலங்கையில் இந்தக் கதையின் மையம் சீகிரியா. 1831இல் படையதிகாரி ஜொனதன் ஃபோர்ப்ஸ் அதைக் கண்டு எழுதினார். உச்சிவரை 1853இல் ஏறியவர்கள் அடம்ஸ், பெய்லி என்ற இரு சிவில் அதிகாரிகள். 1889இல் பொதுவேலைத் திணைக்களத்து அலிக் மரே, சுவரில் உயரத்திலிருக்கும் ஓவியக் குகையை எட்டினார். அதற்கு வழி செய்தவர்கள் தமிழ்க் கல்தச்சர்கள். செங்குத்துப் பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துளையிட்டு, இரும்புக் கம்பிகளைச் சீமெந்தால் பதித்து, அவற்றின்மேல் கால்வைத்து மேலே போனார்கள். அந்தத் தச்சர்களின் பெயர்களைப் பெரும்பாலான நூல்கள் சொல்வதில்லை. இதற்கு மூன்று ஆண்டு முன்னர், 1886இல், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹாஸ்கெட் சிமித் என்பவர் ஊசிப்பாறை ஒன்றில் தனியாக ஏறியதைத்தான் பாறையேற்றம் விளையாட்டாகப் பிறந்த நாள் என்று மேலைநாட்டார் கொண்டாடுகிறார்கள். அவர் ஏறியது வேடிக்கைக்காக. சீகிரியாத் தச்சர் ஏறியது கூலிக்காக. வித்தையைப் பொறுத்தவரை தச்சர் ஒன்றும் குறைந்தவரல்லர்.

வன்னிக்கு அப்படிப்பட்ட புகழ் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் பாறைகளும் ஏடேறின. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளின் குளம், கோயில், குடி, வழக்கம் எல்லாவற்றையும் திரட்டித் தந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் குளங்களை அளக்க வந்தவர். அவருடைய 1909ஆம் ஆண்டு நூல் வேடரையும் ஐயனார் வழிபாட்டையும் விரிவாகப் பேசுகிறது. 1890இல் உருவான தொல்லியல் அளவைத் திணைக்களத்தின் முதல் ஆணையாளர் எச். சி. பி. பெல் வடமாகாண இடிபாடுகளையும் பார்வையிட்டார். பெல்லின் ஆட்களுக்குச் சீகிரியாவில் பெருந்தேனீ பெருந்தொல்லை கொடுத்தது. இன்றும் அங்கே தேனீ கிளம்பினால் பார்வையாளர் ஒதுங்கக் கம்பிவலைக் கூண்டு வைத்திருக்கிறார்கள்.

அதிகாரிகள் வந்துபோனார்கள்; ஊரவர் ஆண்டுதோறும் வந்தார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணிமுறிப்பை அடுத்த குருந்தூர்மலை, வவுனியா வடக்கில் ஒலுமடுவை அடுத்த வெடுக்குநாறிமலை ஆகிய இரண்டும் இப்படிப்பட்ட குடும்பத்து ஏற்றத்துக்குரிய இடங்கள். வெடுக்குநாறியில் கீழே குகையும் பிராமி எழுத்தும் உள்ளன, உச்சியில் ஆதிலிங்கேஸ்வரர். பொங்கல் பானை, அரிசி, விறகு, தண்ணீர் எல்லாம் தலையிலும் தோளிலும் காட்டுவழியே வர வேண்டும். பாறையின் கடைசிப் பகுதி செங்குத்து. அங்கே இளைஞர்கள் முன்னே ஏறிக் கைகொடுக்க, கயிற்றையும் ஏணியையும் பிடித்து மற்றவர்கள் ஏறினார்கள். சேலை கட்டிய கிழவிகளும் இதில் அடக்கம். அவர்களிடம் பாறையேற்றம் செய்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஒருவர் காலை ஒருவர் பார்த்து, பிடி சொல்லி, பாரம் கைமாற்றி ஏறுவதைத்தவிர வேறெதை அப்படி அழைப்பது?

போர்க்காலத்தில் இந்த வழிகள் அடைபட்டன. தண்ணிமுறிப்புப் பகுதி மக்கள் 1984 இறுதியில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2009க்குப் பின்னும் கண்ணிவெடி அகற்றும்வரை காட்டுவழி பாதுகாப்பில்லை. மீள்குடியேற்றத்தோடு வீதிகளும் வீடுகளும் எழும்ப, வவுனியாப் பக்கம் கருங்கல்லுக்குத் தேவை கூடியது. பாறை என்றால் குவாரி என்று பார்க்கும் கண் அப்போது வலுத்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்திலிருந்து வந்தது. குருந்தூர்மலை 1933இலேயே தொல்லியல் ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் அங்கே அகழாய்வு தொடங்கியது. பின்னர் எழுந்த பௌத்தக் கட்டுமானம் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் வழக்கானது. வெடுக்குநாறியில் 2018 முதல் தொல்லியல் திணைக்களமும் நெடுங்கேணிப் பொலிஸாரும் வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தனர். முதியவர்கள் ஏற வசதியாக ஏணிப்படி அமைக்க முயன்றதும் சச்சரவுக்குள்ளானது. தொல்சின்னத்தைச் சிதைக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. கல்வெட்டருகே இரும்பைப் பதித்தால் சேதம் சேதந்தான். ஆனால் வழிபட வருவோரைத் தடுத்த பாதுகாப்பு சிலைகளைக் காக்கவில்லை: 2023 மார்ச்சில் மலையிலிருந்த விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்டுக் கிடந்தன. நீதிமன்ற உத்தரவின்பேரில் ஏப்ரல் இறுதியில் அவை மீண்டும் வைக்கப்பட்டன. 2024 மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி இரவில் பூசகர் உட்பட எட்டுப் பேர் மலையில் கைதாகினர். வவுனியா நீதிமன்றம் மார்ச் 19ஆம் திகதி அவர்களை விடுவித்தது.

கயிறு, தலைக்கவசம், பிடிப்புக் காலணி கொண்டு பாறையேறும் விளையாட்டு வன்னியில் இன்னும் வேர்பிடிக்கவில்லை. உலகில் அது டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகிவிட்டது. இங்கே அது வருமுன் தீர வேண்டியது ஏணிப் பிரச்சினை. சீகிரியாவில் ஓவியக் குகைக்கு இரும்புச் சுழற்படி அமைத்து ஆயிரக்கணக்கானோரை ஏற்றி இறக்குவது இதே தொல்லியல் நிர்வாகத்துக்குக் கைவந்திருக்கிறது. வெடுக்குநாறியில் கல்வெட்டுக்கு ஊறின்றி ஏணி எந்த இடத்தில் நிற்கலாம் என்று திணைக்களமும் கோயிலாரும் பாறையடியில் நின்று அளந்து, எழுத்தில் ஒப்புக்கொள்ள ஒரு நாள் போதும்.