உழாத வயல்: ஜார்ஜ் மூரின் கதைகள்

1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அயர்லாந்தில் வாழ்ந்தவர்கள் 81 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 1901இல் எடுத்த கணக்கிலே அத்தொகை 45 இலட்சத்துக்கும் குறைந்திருந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைப் பற்றிய நோய் பெரும் பஞ்சமாய் மூண்டு, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களை மாய்த்தது. பஞ்சம் ஓய்ந்த பின்னும் கப்பல்கள் ஓயவில்லை. இளைஞரும் கன்னியரும் ஆண்டுதோறும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். கிராமங்களிலே கூரையிழந்த சுவர்கள் மிஞ்சின. போனவர் தொகையைக் கணக்கேடு கூறும். போனவர் மனத்திலும் இருந்தவர் மனத்திலும் நிகழ்ந்தது யாது என்பதை அது கூறாது. அதனைக் கூறிய எழுத்தாளருள் முன்னோடியான ஜார்ஜ் மூரைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம்.

மூர் 1852ஆம் ஆண்டில், அயர்லாந்தின் மேற்குப் பகுதியாகிய மேயோவில், காரா ஏரிக்கரையிலிருந்த மூர் மாளிகையில் பிறந்தார். பெரு நிலக்கிழார் குடும்பம் அது. அவருடைய தந்தையார் பஞ்ச காலத்தில் பந்தயக் குதிரை ஈட்டித் தந்த பணத்தில் ஒரு பகுதியைக் குடியானவர் துயர் துடைக்கச் செலவிட்டவர். மைந்தருக்கோ ஊரில் மனம் பற்றவில்லை. 1873இல் ஓவியம் பயிலப் பாரிஸ் நகரம் சென்றார். ஓவியம் கைவரவில்லை, ஆயினும் மானே போன்ற ஓவியர்களின் நட்பும், நாவலாசிரியர் ஜோலாவின் எழுத்தும் அவருக்கு வாய்த்தன. எளியோர் வாழ்வையும் ஒளிவுமறைவின்றி எழுதலாம் என்னும் துணிவு அங்கேதான் பிறந்தது. 1880 அளவில் அயர்லாந்துக் குடியானவர்கள் குத்தகைக் கொடுமையை எதிர்த்துக் கிளர்ந்தெழவே, பாரிஸ் வாழ்வுக்குப் பணம் வருவது தடைப்பட்டது. பேனாவை நம்பி மூர் லண்டனுக்கு வந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் நாவல்கள் பெரும்பாலும் மூன்று பாகங்களாக, ஒன்றரைக் கினி விலையில் வெளிவந்தன. அவ்வளவு கொடுத்து வாங்கக் கூடியவர் சிலரே. ஏனையோர் சந்தா நூலகங்களில் இரவல் வாங்கிப் படித்தனர். ஆகவே, மக்கள் எதைப் படிக்கலாம் என்பதை நூலக முதலாளிகளே தீர்மானித்தார்கள். 1883இல் வெளியான மூரின் முதல் நாவலை அவர்கள் ஒதுக்கி வைத்தனர். அவர் சோர்ந்துவிடவில்லை. நாடோடி நடிகனுடன் வீட்டைவிட்டுச் சென்று குடிக்கு இரையாகும் ஒரு பெண்ணின் கதையை, 1885இல் ஒரே பாகமாக ஆறு ஷில்லிங் விலையில் வெளியிடச் செய்தார். அதே ஆண்டில் நூலகங்களின் ஆதிக்கத்தைச் சாடித் துண்டுப் பிரசுரமும் எழுதினார்.

1894இல் வெளிவந்த 'எஸ்தர் வாட்டர்ஸ்' அவருடைய நாவல்களுள் தலைசிறந்தது என்பர். எழுதப் படிக்க அறியாத வேலைக்காரி எஸ்தர். பந்தயக் குதிரை வளர்க்கும் பெரிய வீடொன்றில் பணிபுரிகையில், உடன் வேலை செய்பவன் ஒருவனை நம்பிக் கருவுற்று, வேலையை இழக்கிறாள். குழந்தை பிறந்ததும் பிழைப்புக்காகச் செல்வர் வீட்டுச் சிசுவுக்குப் பால் கொடுக்கும் செவிலியாகிறாள். அவள் பெற்ற பிள்ளையோ கூலிக்குக் குழந்தை பார்க்கும் ஒருத்தியிடம் கிடந்து வாடுகிறது. ஐந்து பவுன் கொடுத்தால் அப்பிள்ளையின் தொல்லையே இல்லாமற் செய்துவிடுவதாக அந்தப் பெண் சாடை காட்டுகிறாள். ஒரு சிசு வாழ மற்றொரு சிசு சாவதா என்ற எண்ணம் எஸ்தரின் உள்ளத்தில் தைக்கிறது. பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள். இறுதியில் அம்மகன் வளர்ந்து போர்வீரன் உடையில் நிற்கக் காண்கிறாள். அவள் பெற்ற வெற்றி அது ஒன்றே. அதனை மூர் ஆரவாரமின்றிக் கூறி முடிக்கிறார்.

போயர் யுத்தத்தில் இங்கிலாந்து நடந்துகொண்ட விதம் மூருக்குக் கசந்தது. 1901இல் டப்ளின் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1893இல் தோன்றிய கேலிக் சங்கம், நலிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியை மீட்க அப்போது அரும்பாடு பட்டுக்கொண்டிருந்தது. மூருக்கோ அம்மொழி தெரியாது. எனவே, தாம் ஆங்கிலத்தில் கதைகள் எழுதுவதென்றும், அவற்றை அறிஞர்கள் ஐரிஷ் மொழியில் பெயர்ப்பதென்றும், இளம் எழுத்தாளர்க்கு அவை மாதிரியாகட்டும் என்றும் முடிவாயிற்று. ரஷ்ய ஆசிரியர் துர்கனேவ் வேட்டைக்காரன் ஒருவன் கண்டவையாக எழுதிய கிராமச் சித்திரங்கள் அவருக்கு வழிகாட்டின. இவ்வாறு 1902இல் ஐரிஷ் நூல் வெளிவந்தது. மேலும் சில கதைகளோடு ஆங்கில நூல் 1903இல் வந்தது. அதன் பெயர் 'உழாத வயல்'.

அந்த வயலிலே மூர் கண்டவை பல. பஞ்ச நிவாரணத்துக்காகப் போடப்பட்டு, எவ்வூருக்கும் செல்லாமல் சதுப்பு நிலத்தில் முடிந்துபோகும் சாலைகளை ஒரு கதையிலே காட்டுகிறார். இன்னொரு கதையில், தாமே மணமகனைத் தேர்ந்துகொள்ள விரும்பும் பெண்ணொருத்தியைப் பங்குப் பாதிரியார் பழித்துரைக்க, தகப்பனும் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் அமெரிக்காவுக்குப் போகுமுன் ஊரைச் சபிக்கிறாள். ஆண்டுக்கொரு கூரை விழுந்து வருகிறதென்று வண்டிக்காரன் வழிப்போக்கரிடம் சொல்கிறான். ஆனால் மூர் பாதிரிமாரை வெறுத்து மட்டும் எழுதவில்லை. பாதிரிமார் மணம் புரிந்தால் நாட்டில் மக்கள் பெருகுவர் என்று கள்ளமின்றி ரோமாபுரிக்குக் கடிதம் எழுதும் ஒரு முதியவரைப் படைத்து, நம்மைச் சிரிக்கவும் அவரிடம் அன்பு கொள்ளவும் செய்கிறார். அம்முதியவர் இறுதியில் ஆயரிடமிருந்து பெற்று வருவது ஐந்து பவுன். அது, பன்றி வாங்க வகையின்றித் திருமணம் தடைப்பட்டு நிற்கும் ஓர் ஏழைக் குடியானவனுக்காக.

ஊரேக்கத்தைப் பற்றிய கதை இவை எல்லாவற்றிலும் நம் நெஞ்சை நெருங்குவது. நியூயார்க்கில் மதுக்கடையொன்றில் வேலை பார்க்கும் பிரைடன் நோயுற்று, மருத்துவர் சொற்படி கடல் கடந்து பிறந்த ஊருக்கு வருகிறான். பழைய முகங்கள், ஏரி, மலைத்தொடர் யாவும் அவனைத் தேற்றுகின்றன. மார்கரெட் என்னும் பெண்ணை மணக்கவும் இசைகிறான். ஆனால் ஊரார் பாதிரியாருக்கு அஞ்சி அடங்குவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து கடிதமொன்று வந்ததும், மதுக்கடையின் வாடைகூட அவனைக் கூவி அழைக்கிறது. மார்கரெட்டை விட்டுப் போய்விடுகிறான். அங்கே மனைவி, மக்கள், சொந்தக் கடை எல்லாம் அமைகின்றன. முதுமையில் அவன் நினைவில் நிற்பதோ மார்கரெட்டின் முகமும் அந்த ஏரியும் மலையுமே. ஊரை மூர் சுவர்க்கமாக்கவில்லை. அயல்நாட்டை நரகமாக்கவும் இல்லை. பிரைடன் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புக் கூறவும் இல்லை. தங்கவும் முடியாமல், மறக்கவும் முடியாமல் வாழும் மனிதனை உள்ளபடி நம்முன் நிறுத்தியதே அவருடைய யதார்த்தத்தின் பெருமை.

மொழிபெயர்ப்பை அன்றாடப் பணியாகக் கொண்ட நமக்கு இந்நூலின் வரலாற்றில் மற்றொரு செய்தியும் சுவையானது. ஐரிஷ் நூலுக்கு மூர் எதிர்பார்த்த வரவேற்பு கிட்டவில்லை. எனினும் அதிலுள்ள கதையொன்றை நண்பர் ஒருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டியபோது, தம் மூலத்தைக் காட்டிலும் அது சிறந்திருப்பதாக மூரே ஒப்புக்கொண்டார். பிறமொழிக்குச் சென்று வந்த சொல் வெறுங்கையோடு திரும்பவில்லை. மாதிரி நூலாக வேண்டியது ஐரிஷில் அவ்வாறு பயன்படாவிடினும், ஆங்கிலத்தில் அயர்லாந்தின் நவீனச் சிறுகதைக்குத் தோற்றுவாய் ஆயிற்று. ஜாய்ஸ் 1914இல் டப்ளின் மக்களைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கதைத்தொகுதிக்கு முன்னரே அந்நிலத்தில் ஏர் பூட்டியவர் மூர்.

அவரும் ஊரில் தங்கவில்லை. 1911இல் லண்டனுக்கே திரும்பினார். 1923இல், அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில், மூர் மாளிகை தீக்கிரையாயிற்று. 1933இல் லண்டனில் மூர் மறைந்தார். அவருடைய அஸ்தியைக் காரா ஏரியிலுள்ள சிறு தீவொன்றில் அடக்கம் செய்தனர்; ஏரிக்கரையில் அவர் பிறந்த மாளிகை அப்போது கரிந்த சுவராய் நின்றது. பிரைடன் முதுமையில் எண்ணியெண்ணி ஏங்கியதும் ஓர் ஏரிக்கரையைத்தான். ஊரைவிட்டு வந்து வேற்றூரில் வாழும் நமக்கு இதற்கு உரை தேவையில்லை.