சுடுகாட்டுக்கு விலக்கு உண்டு, ஆச்சி வீட்டுக்கு?

போன பொங்கலுக்கு சிவகிரி போயிருந்தப்ப ஆச்சி ஒரு மனு எழுதச் சொன்னாங்க. "குடியிருக்கறது ஒத்த வீடு, அதுவும் நத்தத்துல. இதுக்கு எதுக்குல தீர்வை? வேண்டாம்னு எழுது." எங்க ஊர்ப் பக்கம் சொத்துவரிக்கு வீட்டுத்தீர்வைன்னுதான் பேர்.

சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். ஆனா ஆச்சி பேச்சுக்குப் பின்னாடி ஆயிரம் வருஷ வழக்கம் இருக்கு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், 1010-ஐ ஒட்டியவை. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் பரப்பைச் சொல்லி, அதிலிருந்து வரியில்லாத நிலத்தை, அதாவது இறையிலியைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் அதில் வரும். விளைச்சலுக்குத்தான் வரி, நத்தத்தில் நெல் விளையாதே! (ரொம்பப் புல்லரிக்க வேண்டாம். அதே பட்டியலில் பறைச்சேரி தனியாக எழுதப்பட்டிருக்கு. ஊர் எப்படிப் பிரிஞ்சு கிடந்ததுன்னு வரிக்கணக்கே காட்டிக்கொடுக்குது.) மனையிறை என்ற வரியும் வேறு சோழர் கல்வெட்டுகளில் உண்டு. எல்லா வீடும் தப்பிக்கலை.

வெள்ளைக்காரனும் நத்தத்தைப் பெரும்பாலும் தொடலை. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம் வீட்டுமனையையும் கொல்லைப்புறத்தையும் அரசு நிலக் கணக்கிலிருந்து விலக்கியது. ஆனா தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் காசு வேணுமே. அதனால் உள்ளாட்சி அமைப்புகள் மண்ணை விட்டுட்டுக் கட்டடத்தைப் பிடிச்சன. 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் விலக்குப் பட்டியல் இருக்கு: வழிபாட்டிடம், சத்திரம், பள்ளிக்கூடம், தர்ம ஆஸ்பத்திரி, சுடுகாடு, இடுகாடு. ராஜராஜன் பட்டியலில் இருந்த சுடுகாடு இதிலும் இருக்கு. குடியிருக்கிற வீடு மட்டும் இல்லை.

2022-ல் மும்பை மாநகராட்சி எல்லையில் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்துவரியை நீக்கினார்கள். அதே வருஷம் நம்ம பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கும் 25% ஏத்தினாங்க. பெரிய வீட்டுக்கு 100%. சின்ன வீட்டுக்குச் சலுகைன்னா இவ்வளவுதான்.

இதையெல்லாம் ஆச்சிகிட்ட சொன்னேன். மனுவைப் பாதி எழுதிட்டு, "நத்தத்துல ரொம்ப காலம் தனிப்பட்டாவே கிடையாதே, வீடு உங்களுதுன்னு எதைக் காட்டினீங்க?"ன்னு கேட்டேன். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாங்க. தாத்தா காலத்திலிருந்து நூல்ல கோத்து வெச்ச தீர்வை ரசீதுகள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தாங்க. "மனுவை அப்புறம் பாத்துக்கிடலாம்ல. மொத இந்த வருஷத்துக்குக் கட்டிட்டு வா, ரசீது வாங்க மறந்துராத."