படத்தில் விழாத உறுப்பு: நீள்கொம்பு வண்டுகளை இனங்காண்பதில் ஒளிப்படத்தின் எல்லை

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரித்தறிய, பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் ஒன்றே போதும். அலகின் நிறத்தை நம்ப முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்குமே அது கறுத்துவிடும். வாய்ப்பிளவுக் கோடு மட்டும் மாறாது. பெரிய கொக்குக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிடும்.

அதே கொக்குகள் கூடு கட்டும் கருவேலமரத்தில் நீள்கொம்பு வண்டு ஒன்று வந்து அமர்ந்தால் இந்த வசதி கிடைப்பதில்லை. நீள்கொம்பு வண்டுகளின் செராம்பிசிடே குடும்பத்தில் உலகெங்கும் 30,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றைப் பிரிக்கும் அடையாளங்கள் பலவும் முதுகில் இல்லை. பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசைக்காக சார்லஸ் ஜோசப் கஹான் எழுதிய தொகுதி 1906இல் வெளிவந்தது. வண்டைப் புரட்டி, நடுக்கால் பொருந்தும் குழி பக்கவாட்டில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்க்கும் மரபைச் சேர்ந்தது அந்த நூல். மேலிருந்து எடுத்த படத்தில் அந்தக் குழி விழுவதே இல்லை. படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பிரித்தறியும் உறுப்பு அதில் இல்லையென்றால் சிற்றினப் பெயர் வெறும் ஊகமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதுகில் உள்ள அடையாளமே படத்தில் விழாமல் போவதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மரங்களில் கண்டறியப்பட்ட அனோப்லோஃபோரா கிளாப்ரிபென்னிஸ் என்ற நீள்கொம்பு வண்டு பளபளக்கும் கறுப்பு உடலும் வெள்ளைப் புள்ளிகளும் கொண்டது. அதன் உறவான அனோப்லோஃபோரா சைனென்சிஸும் பார்வைக்கு அப்படியே இருக்கும். இறக்கை உறையின் அடிப்பகுதி முன்னதற்கு வழவழப்பு. பின்னதற்கு அங்கே சிறு குமிழ்கள். நேர் எதிரே பிளாஷ் வெளிச்சம் பட்டால் குமிழ்கள் மறைந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் அவற்றின் நிழலே அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

நம் மாந்தோப்புகளின் தண்டுத் துளைப்பானான பேட்டோசெரா ரூஃபோமாக்குலேட்டாவிடமும் இதே சிக்கல்தான். முன்மார்பில் உள்ள இரண்டு செம்புள்ளிகளைக் கண்டதுமே அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். பேட்டோசெரா ரூபஸுக்கும் அங்கே இரு செம்புள்ளிகள் உண்டு. வண்டு இறந்தபின் புள்ளிகளின் நிறம் வெளிறக்கூடும். புழுப் பருவத்தில் கிடைத்த தீனியைப் பொறுத்து உடலளவும் வேறுபடும். நீள்கொம்பு வண்டுகளில் பொதுவாக ஆணின் உணர்கொம்பு பெண்ணுடையதைவிட நீளம் என்பதால், ஒரே சிற்றினத்தின் இணையை இரண்டாகப் பிரித்துவிடுவதும் நேர்கிறது.

கைபேசிச் செயலிகள் நொடியில் பெயர் சொல்கின்றனவே என்று கேட்கலாம். அவை கற்றதும் பெரும்பாலும் மேலிருந்து எடுத்த படங்களைக் கொண்டுதான். அந்தப் படங்களில் ஒட்டிய பெயர் தவறென்றால், அதே தவறு ஆயிரம் முறை திரும்ப வரும்.

ஆகவே ஒளிப்படப் பதிவுக்கு ஒரு முறை வேண்டும். முதுகு, பக்கவாட்டு, முகம், வயிற்றுப்புறம் ஆகிய நான்கு கோணங்களோடு, இறக்கை உறையின் அடியும் நுனியும் நெருக்கமாகப் பதிவாக வேண்டும். அளவுகோல் ஒன்றும் உடன் இருக்க வேண்டும். மரத்தின் பெயரும் தேவை: செலோஸ்டெர்னா ஸ்கேப்ரேட்டர் என்ற நீள்கொம்பு வண்டின் புழு கருவேலத்தின் வேரையும் அடித்தண்டையும் குடைவது. இத்தகைய தகவல் தேடலைச் சுருக்கும், முடித்துவைக்காது. உரிய உறுப்பு படத்தில் இல்லாதபோது பதிவேட்டில் ‘பேட்டோசெரா, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதி, படத்தைப் பாதுகாப்பதே முறை. பின்னாளில் மாதிரியோடு ஒப்பிட வருபவருக்கு அந்தப் பதிவு பயன்படும்.