உடும்புப்பிடிக் குத்தகை

எங்கள் மாகறல் ஈசனை உடும்பீசர் என்றும் சொல்வார்கள். பொன் உடும்பைத் துரத்தி வந்த சோழ ராஜா அது நுழைந்த புற்றைத் தோண்ட, உடும்பின் வாலே லிங்கமாக நின்றது என்பது தலபுராணம். உத்திரமேரூர்ப் பக்கம் பத்திரம் எழுதியே காலம் தள்ளிய எனக்கு, பெட்ரோல் பங்க் குத்தகைப் பத்திரம் எதைப் பிரித்தாலும், பிடித்தால் விடாத அந்த உடும்பு ஞாபகம்தான் வரும்.

கடை வாடகை என்றால் இரண்டே பேர். பங்க்கில் மூன்று பேர்: நிலக்காரர், எண்ணெய்க் கம்பெனி, டீலர். பழைய பத்திரங்களில் பெரும்பாலும் முதல் இருவர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பம்பும் தரைக்கடியில் கிடக்கும் தொட்டியும் கம்பெனியுடையவை. டீலர் அதன் அனுமதியில் விற்கிறவர், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு நிலக்காரர் வந்தார்.

"டீலர் பூட்டிட்டுப் போயிட்டாருங்க. இடத்த நானே எடுத்துக்கலாமா?"

"உங்க பத்திரத்துல அவர் பேரே இல்லீங்களே. வாடகை கம்பெனிதான குடுக்குது? குடுக்கற வரைக்கும் வேற டீலர கொண்டாந்து உக்கார வெக்கறது அவங்க பாடு."

முகம் சுண்டிப்போய்விட்டது.

தலைகீழாக எழுதிய பத்திரங்களும் உண்டு. டீலரே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பெனிக்கு உள்குத்தகை விட்டிருப்பார். அங்கே டீலர் வாடகை பாக்கி வைத்தால் வினை கம்பெனிக்கும் சேர்த்துத்தான். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, ஷரத்தை மீறி மேல்குத்தகை பறிபோனால் அதன் கீழே இருக்கும் உள்குத்தகையும் போகும். பாக்கியை வட்டி, செலவோடு கட்டித் தப்பிக்க 114ஆம் பிரிவில் ஒரு சந்து இருக்கிறது. "பாக்கி விழுந்தால் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது கட்ட வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தால் நிலக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவர். இல்லாவிட்டால் அந்தக் கடமை பத்திரத்திலிருந்து முளைக்காது.

இந்த மேல், கீழ் அடுக்கு எங்கள் செங்கல்பட்டுச் சீமைக்குப் புதிதில்லை. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு (அந்தக் கும்பெனி வேறு) ஜாகீராகக் கொடுத்தார். கும்பெனியோ அதை நவாபுக்கே திருப்பிக் குத்தகை விட்டது. 1780இல்தான் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு 1802இல் மிட்டா என்னும் சிறு ஜமீன்களாகக் கூறுபோட்டு விற்றார்கள். கிஸ்தி கட்ட முடியாமல் பல மிட்டாதார்கள் சில வருஷங்களிலேயே விழுந்தார்கள். உழுகிறவன் சேற்றிலேயே நின்றான். அவனுக்கு மேலே ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள்.

பங்க்கில் மாறியது கம்பெனியின் பெயர்ப்பலகை. எஸ்ஸோவுக்கு 1974இலும் பர்மா ஷெல்லுக்கு 1976இலும் கால்டெக்ஸுக்கு 1977இலும் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. பர்மா ஷெல் சட்டத்தின் 5ஆம் பிரிவில்தான் உடும்பின் பிடி இருந்தது: குத்தகைக் கெடு முடிந்தாலும், மத்திய அரசு விரும்பினால் பழைய ஷரத்துகளின்படியே புதுப்பிக்க வேண்டியிருந்தது. பழைய ஷரத்து என்றால் பழைய வாடகை. சுற்றி நிலத்தின் விலை எங்கோ ஏறியிருக்க, வாடகை மட்டும் அப்பன் காலத்திலேயே நிற்கும். இந்த உரிமையைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது, அரசு நிறுவனம் நியாயமாக நடக்க வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு நகமும் இருந்தது: 1921ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அடுத்தவர் மனையில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களை நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது என்று வந்த சட்டம் அது. காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், கட்டடம் கட்டிய குத்தகைதாரர் அந்த மனையையே நீதிமன்றம் வைக்கும் விலைக்குக் கேட்கலாம் என்கிறது 9ஆம் பிரிவு. குடிசைக்காரனுக்கு நெய்த துணியை எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்துப் போர்த்திக்கொண்டதை என்னால் ஜீரணிக்கவே முடிந்ததில்லை. 2020இல் பாரத் பெட்ரோலியம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் துணியை உருவியது. இடம் நேரடியாக யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் 9ஆம் பிரிவு. டீலரை உட்கார வைத்துவிட்ட கம்பெனி அதைக் கேட்க முடியாது.

இடத்தில் நேரடியாக நிற்பது யார் என்பது கழனிக்காரர்களுக்குப் பழகிய கேள்வி. 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், உன் உடம்போ உன் வீட்டார் உடம்போ நிலத்தில் பாடுபடுகிறதா என்றுதான் கேட்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு அதே நிலக்காரர் பேப்பரும் கையுமாக வந்தார்.

"அப்போ இடத்துல நிக்கிறது டீலர்தான? நெலம் அவருக்குப் போயிடுமா?"

"அவர் உங்களுக்குக் குத்தகைதாரரே இல்லீங்களே."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க" என்று பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இந்த முறை முகம் சுண்டவில்லை.