கிளீப்: குருவானவர் மானியம் ஊர்ப்பெயரான கதை

சிட்னி நகர மையத்திலிருந்து தென்மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் கிளீப் என்றொரு பேட்டை இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பேட்டைகளின் பெயர்களைக் கிளறினால் அடியில் யாரோ ஓர் ஆள் அகப்படுவார். மேற்கே இருப்பது அன்னண்டேல். ஸ்காட்லாந்தின் அன்னன் பகுதியில் பிறந்த ஜார்ஜ் ஜான்ஸ்டன் என்ற படை அதிகாரி தன் பண்ணைக்குச் சொந்த ஊரின் பெயரை வைத்தார். கிழக்கே இருப்பது அல்டிமோ. அதன் கதை வேடிக்கையானது. ஜான் ஹாரிஸ் என்ற படை மருத்துவர்மேல் இராணுவ விசாரணை வந்தது. குற்றம் நடந்தது குற்றப்பத்திரிகை எழுதிய அதே மாதத்தில். குற்றப்பத்திரிகை எழுதியவரோ ‘சென்ற மாதம்’ என்று பொருள்படும் ‘அல்டிமோ’ என்ற இலத்தீன் சொல்லை எழுதிவிட்டார். வழக்கு கவிழ்ந்தது. தன்னைக் காப்பாற்றிய எழுத்துப்பிழையின் பெயரையே ஹாரிஸ் தன் பண்ணைக்குச் சூட்டினார்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கிளீப்பின் பெயரில் ஆள் யாரும் இல்லை. அது ஒரு பதவியின் நிலம்.

இலத்தீனில் ‘கிளேபா’ என்றால் மண்கட்டி, உழுதபின் புரளும் கட்டி. உருண்டையைக் குறிக்கும் ‘குளோபஸ்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு இருக்கலாம் என்று சொல்லாய்வாளர் கருதுகிறார்கள். கட்டி என்ற பொருளிலிருந்து மண், மண்ணிலிருந்து விளைநிலம் என்று சொல் விரிந்தது. நிலத்தோடு சேர்த்தே கைமாறிய பண்ணையடிமைகளைக் குறிக்கும் இலத்தீன் சட்டத்தொடரிலும் இந்தக் கிளேபா உண்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் பொருள் குறுகியது. எல்லா நிலமும் கிளீப் அல்ல; பங்குக் குருவானவரின் பிழைப்புக்காக ஒதுக்கிய நிலமே கிளீப் என்றாயிற்று. அவர் அதை உழலாம், குத்தகைக்கு விடலாம், வரும்படியை உண்ணலாம். விற்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ முடியாது. அவர் போனால் அடுத்து வருபவருக்கு. சட்டப்படி உரிமை அந்த மனிதருடையதன்று, அந்த இருக்கையுடையது.

நம் கல்வெட்டுகளில் பயின்றவர்களுக்கு உடனே தேவதானமும் பள்ளிச்சந்தமும் நினைவுக்கு வரும். ஆனால் தேவதானம் இறைவனுக்கும், பள்ளிச்சந்தம் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கும் உரியவை. கிளீப்புக்கு நெருக்கமானது, கோயில் அர்ச்சகருக்கும் மேளக்காரருக்கும் விடப்பட்ட ஊழிய மானியம். வேலை இருக்கும்வரை நிலம்.

இந்தப் பழைய ஆங்கிலேய ஏற்பாடு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 1788இல் கைதிகளோடு வந்திறங்கிய முதல் கப்பல் அணியில் ரிச்சர்ட் ஜான்சன் என்ற குருவானவரும் இருந்தார். அமையவிருக்கும் ஒவ்வோர் ஊரிலும் குருவானவருக்கு 400 ஏக்கரும் பள்ளி ஆசிரியருக்கு 200 ஏக்கரும் ஒதுக்க வேண்டும் என்று இலண்டன் அரசு ஆளுநர் ஆர்தர் பிலிப்புக்கு உத்தரவு அனுப்பியது. சம்பளச் சுமையை மண்ணின் தலையில் கட்டும் உத்தி இது. 1790இல் சிட்னிக்கு மேற்கே 400 ஏக்கரைப் பிலிப் அளந்து கொடுத்தார். அது காடிகல் மக்கள் வாழ்ந்த மண். ஒப்பந்தம் இல்லை, கிரயம் இல்லை. பிறர் நிலத்தைத் தானம் செய்தவருக்குத் தயக்கம் இருந்த அடையாளமும் இல்லை.

வாங்கியவருக்கும் சந்தோஷம் இல்லை. 400 ஏக்கரும் காடு. வெட்டித் திருத்த ஆள் வேண்டும். கைதி உழைப்பை ஆளுநர்கள் அவருக்குக் கிள்ளித்தான் கொடுத்தார்கள். மண்கட்டி என்று பெயர்கொண்ட நிலம் அவருக்கு மண்ணாங்கட்டியாகவே இருந்தது. தேவாலயமும் யாரும் கட்டித் தரவில்லை. 1793இல் தன் கைக்காசு சுமார் 67 பவுண்டைப் போட்டு, வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரும் கூரை வேய்ந்த மேலுமாக அவரே ஒன்றை எழுப்பினார். செலவு திரும்பக் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1798இல் அந்தக் கட்டடம் எரிந்துபோனது. ஜான்சன் உண்மையில் பயிரிட்டுப் பிழைத்தது வேறு நிலத்தில். 1793இல் தன் பெயருக்குக் கிடைத்த 100 ஏக்கருக்கு ‘கேண்டர்பரி வேல்’ என்று பெயர் வைத்தார். இன்றைய கேண்டர்பரி பேட்டைக்குப் பெயர் தந்தது அதுதான். ஆக, திருச்சபைத் தலைமைப்பீடத்தின் பெயர் குருவானவரின் சொந்தப் பண்ணைக்குப் போனது. திருச்சபை நிலத்துக்கோ வெறும் பொதுச்சொல்லே மிஞ்சியது.

அது நிலைத்ததற்கும் இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் அங்கே பண்ணைவீடு இல்லை, பெயர் சூட்டும் பிரபு இல்லை. குருவானவர் மாறிக்கொண்டிருந்தார், காடு அப்படியே கிடந்தது. வேலிக்கு இந்தப்புறம் அல்டிமோ, அந்தப்புறம் அன்னண்டேல், நடுவில் ‘அந்த மானிய நிலம்’. ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘தி’ என்ற சுட்டோடுதான் இப்பெயர் வழங்கியது. 1859இல் நகராட்சி அமைந்தபோதும் ‘தி கிளீப்’ என்றே வழங்கியது. சுட்டு உதிர்ந்து கிளீப் முழுப் பெயராவதற்கு மேலும் காலம் பிடித்தது.

1826இல் திருச்சபைக்கும் பள்ளிகளுக்குமாக அரசு ஒரு கழகம் அமைத்தது, அதற்குப் பணமுடை. 1828இல் கிளீப் நிலம் மனைகளாகக் கூறுபோடப்பட்டுப் பெரும்பகுதி ஏலத்தில் போனது. குடாக்கரை மேட்டில் கனவான்கள் மாளிகை கட்டினார்கள். வழக்கறிஞர் ஜார்ஜ் ஆலன் கட்டிய டாக்ஸ்டெத் பார்க் அவற்றுள் ஒன்று. ஆலன் மெதடிஸ்டு. பின்னர் அதே மாளிகை கத்தோலிக்கக் கன்னியரிடம் போய்ச் செயின்ட் ஸ்கொலாஸ்டிகா பள்ளி ஆனது. 1898இல் தென்சீனத்தின் சீ யப் மாவட்டக்காரர்கள் குவான் தி தெய்வத்துக்குக் கோயில் எழுப்பியதும் கிளீப்பில்தான்; இன்றும் அங்கே ஊதுவத்தி புகைகிறது. இங்கிலாந்துத் திருச்சபை ஒன்றை மட்டும் வாழவைக்க ஒதுக்கிய மண்ணில் மற்ற எல்லாரும் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

பெயரும் அடங்கி இருக்கவில்லை. வடக்கே நீரில் இருந்த கிளீப் தீவில் நகரத்தின் ஆடுமாடு அறுக்கும் கூடம் வந்தது. 1908இல் அமைந்த கிளீப் ரக்பி லீக் அணியை ஊரார் ‘அழுக்குச் சிவப்பர்’ என்று அழைத்தார்கள். 1995இல் திறந்த பெரிய பாலமும் முதலில் கிளீப் தீவுப் பாலம்தான். 1998இல் அது அன்சாக் பாலம் ஆயிற்று.

விற்காமல் திருச்சபை வைத்துக்கொண்ட நடுப்பகுதியே பழைய ஏற்பாட்டின் உண்மையான எச்சம். பிஷப்தார்ப், செயின்ட் பிலிப்ஸ் என்ற இரு பிரிவுகளாக அது நீண்ட குத்தகைக்கு விடப்பட்டது. பிஷப்தார்ப் என்பது இங்கிலாந்தில் யார்க் பேராயரின் அரண்மனை இருக்கும் ஊர். இங்கே அந்தப் பெயரில் எழுந்தவை தொழிலாளர் குடும்பங்களின் நெருக்கமான வரிசை வீடுகள். வாடகை குறைவு, மராமத்து அதைவிடக் குறைவு.

இதே சொல் வேறு குடியேற்ற நாடுகளிலும் உண்டு. கனடாவின் ஒட்டாவாவில் ‘தி கிளீப்’ செயின்ட் ஆண்ட்ரூஸ் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு ஒதுக்கிய நிலம். அங்கே இன்றும் சுட்டு உதிரவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புரட்சிக்குப்பின் 1802இல் கிளீப் நிலங்களைக் கைப்பற்றச் சட்டம் வந்தது. அலெக்சாண்ட்ரியா தேவாலயத்தின் கிளீப்புக்காக வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. ஒருமுறை உறுதியான உரிமையை அரசு நினைத்தபடி பறிக்க முடியாது என்று 1815இல் தீர்ப்பாகி நிலம் தேவாலயத்திடமே நின்றது. பக்கத்து ஆர்லிங்டனில் இன்று கிளீப் சாலை ஓடுகிறது.

சிட்னியில் நீதிமன்றம் தேவைப்படவில்லை. 1974இல் விட்லம் தலைமையிலான மத்திய அரசு, சுமார் 700 வீடுகள் கொண்ட கிளீப் எஸ்டேட்டை 1.75 கோடி டாலருக்குத் திருச்சபையிடமிருந்து வாங்கியது. குடியிருந்த ஏழைகள் வெளியேற்றப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அரசு விலை கொடுக்காமல் எடுத்துக் கொடுத்த நிலத்தை, 184 ஆண்டு கழித்து அரசே விலை கொடுத்து வாங்கியது. பணம் போனது திருச்சபைக்கு. 1985இல் அந்த வீடுகள் மாநில வீட்டுவசதித் துறையின் கைக்கு மாறின.